மொட்டைப் பாறையில் புது க்ளைம்பிங் ரூட்: சர்வே எண்ணிலிருந்து கடைசி போல்ட் வரை

மதுரை, திண்டுக்கல், நாமக்கல், கிருஷ்ணகிரி என்று எந்தப் பக்கம் பஸ்ஸில் போனாலும் ஜன்னலோரம் ஒரு மொட்டைப் பாறை மலை வந்துவிடும். க்ளைம்பிங் கற்றுக்கொண்டவர் அதைப் பார்த்தால் கண்ணாலேயே ஒரு கோடு போட்டுவிடுவார். அந்தக் கோட்டை நாலு பேர் பயமில்லாமல் ஏறும் ரூட்டாக மாற்றுவதற்குத்தான் இந்த வழிகாட்டி. மேலூர் பக்கம் ஒரு குன்றில் நானும் நண்பர்களும் நாலு பிட்ச் (ஒரே மூச்சில் ஒரு ரோப் நீளத்துக்குள் ஏறும் பகுதி) ரூட் ஒன்றைப் போட்டோம். பாறையில் தொங்கிய நேரத்தைவிட அலுவலக பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்த நேரம் அதிகம். எந்த மேசைக்கு எந்தக் காகிதத்தோடு போவது என்று சொல்ல ஆளே இல்லை. குன்றின் பெயரை இங்கே சொல்லவில்லை, ஊர்க்காரர்களுக்குக் கொடுத்த வாக்கு.

நடுத்தர ரூட் என்று நான் சொல்வது கிரேடில், அதாவது கஷ்டத்தின் அளவில், அமெரிக்கக் கணக்கில் 5.5 முதல் 5.8 வரை, பிரெஞ்சுக் கணக்கில் ஏறக்குறைய 4 முதல் 5 வரை. இதில் ஒரு விஷயத்தை ஆரம்பத்திலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள்: இந்த ரூட்டுக்கு வரப்போகிறவர் உங்களைவிடப் பலவீனமானவர். அநேகமாக முதல்முறை லீட் (மேலே கட்டிய ரோப் இல்லாமல், வழியில் ரோப்பை மாட்டிக்கொண்டே முதல் ஆளாக) ஏறுபவர். நீங்கள் கை வைக்காமலே நடந்து போகும் இடத்தில் அவருக்குக் கால் வெடவெடக்கும். கஷ்டமான ரூட் போடுவது இந்த விதத்தில் சுலபம், அங்கே வருகிறவருக்குத் தன்னைப் பார்த்துக்கொள்ளத் தெரியும்.

இன்னொன்று. போல்ட் (பாறையைத் துளைத்து இறுக்கும் எஃகு ஆணி, ஏறுபவரின் ரோப்பைத் தாங்குவது) அடிக்க இந்தக் கட்டுரையைப் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது. அதை ஏற்கெனவே செய்தவர் பக்கத்தில் தொங்கிக்கொண்டு கற்க வேண்டும். ரோப்பில் மேலே ஏறுவது, பாதியில் நின்று ராப்பெலுக்கு (ரோப் வழியாக இறங்குவதற்கு) மாறுவது, அடிபட்டவரை இறக்குவது எல்லாம் கைக்குப் பழகியிருக்க வேண்டும். நீளமான ஸ்லாப் (சாய்வான வழுவழுப் பாறை) என்றால் என்ன என்று தெரியாவிட்டால், பெங்களூருக்கு மேற்கே மாகடி அருகே உள்ள சாவன்துர்காவுக்கு ஒருமுறை போய் வாருங்கள். 1,226 மீட்டர் உயர மலை, பல பிட்ச் நீளத்துக்கு வெறும் ஸ்லாப். அங்கே பழைய ரூட்டுகளில் போல்ட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவே வரும் தூரத்தைப் பார்த்தால், நடுத்தர ரூட்டில் எதைச் செய்யக் கூடாது என்பதும் சேர்த்தே புரிந்துவிடும்.

1. நிலம் யாருடையது என்று காகிதத்தில் பாருங்கள்

ரோப்பைத் தொடும் முன் சர்வே எண். தமிழ்நிலம் வரைபடத்தில் குன்று இருக்கும் இடத்தைத் தொட்டு எண்ணை எடுங்கள். பிறகு வருவாய்த் துறையின் இ-சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்து அ-பதிவேட்டையும் (நிலம் எந்த வகை, யாருடையது என்று சொல்லும் பதிவேடு) புலப்படத்தையும் (நிலத்தின் எல்லை வரைபடம்) பாருங்கள். ஒரே குன்று மூன்று நான்கு சர்வே எண்களில் பிரிந்து கிடக்கும். அடிவாரம் ஒருவர் பட்டா, நடுப்பாறை புறம்போக்கு, உச்சி கோயில் நிலம் என்பதெல்லாம் சகஜம். ரூட் தொடங்கும் இடம், முடியும் இடம், இறங்கி வரும் வழி மூன்றுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பட்டா நிலத்தைத் தாண்டித்தான் பாறைக்குப் போக முடியும் என்றால் அந்த விவசாயியின் சம்மதம்தான் உங்கள் முதல் அனுமதி.

அ-பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்து வழி பிரியும்.

கல்லாங்குத்து, மலை, தீர்வை ஏற்படாத தரிசு என்று இருந்தால் வருவாய்த் துறை நிலம். கிராம நிர்வாக அலுவலர் வழியாக வட்டாட்சியருக்குக் கடிதம் போக வேண்டும்.

காப்புக்காடு என்றால் மாவட்ட வன அலுவலரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைக்காதீர்கள். 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம் 21-ஆம் பிரிவின்படி அத்துமீறி நுழைவதே குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணியில் நடந்த காட்டுத்தீ விபத்துக்குப் பிறகு மலையேற்றத்துக்கென்று தனி விதிகளே வந்தன. அந்த விதிகள் நடந்து போகிறவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. பாறையில் துளை போடும் அனுமதி அதில் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சரணாலயம் என்றால் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972 வந்துவிடும். என் கருத்து: காப்புக்காட்டிலோ சரணாலயத்திலோ புது ரூட் யோசனையே வேண்டாம், வேறு குன்று தேடுங்கள். கர்நாடகத்தில் ராமதேவர பெட்டா 2012-இல் பிணந்தின்னிக் கழுகுச் சரணாலயமான பிறகு அந்தப் பாறைக்கும் க்ளைம்பர்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இதில் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அ-பதிவேட்டில் புறம்போக்கு என்றே இருக்கும், ஆனால் அதே நிலத்துக்கு வனச் சட்டம் 4-ஆம் பிரிவின் கீழ் அறிவிக்கை போட்டிருப்பார்கள். 16-ஆம் பிரிவின் இறுதி அறிவிப்பு வராததால் வருவாய்ப் பதிவேடு மாறியிருக்காது. கிராம அலுவலகத்தில் கேட்டால் நம்ம நிலம்தான் என்பார்கள், வனச்சரகத்தில் கேட்டால் எங்கள் நிலம் என்பார்கள். வாய்வார்த்தையை நம்பாமல், சர்வே எண்ணைக் குறிப்பிட்டு வனத்துறையிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். நானும் எங்கெங்கோ அலைந்துவிட்டுக் கடைசியில் உறுதியான பதிலைப் பெற்றது இந்தப் பத்து ரூபாய் வழியில்தான்.

அடுத்தது தொல்லியல். மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் சமணத் துறவிகளின் கல் படுக்கை இல்லாததைத் தேடிப் பிடிப்பதே கஷ்டம். கீழவளவு, அரிட்டாபட்டி, மாங்குளம், யானைமலை எல்லாம் இந்த வகை. மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைப் பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. மாநிலத் தொல்லியல் துறைப் பட்டியலையும் தனியாகப் பாருங்கள். பட்டியலில் இல்லாத இடங்களிலும் பாறை ஒதுக்குகளில் காவி நிறத்திலோ வெள்ளையிலோ ஓவியம் இருக்கக்கூடும். கண்டால் ரூட்டை வேறு பக்கம் மாற்றுங்கள். தொட்டுப் பார்க்கவும் வேண்டாம், மேலே தண்ணீர் தெளித்துப் படம் எடுக்கவும் வேண்டாம். அரிட்டாபட்டியை 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்திருக்கிறார்கள். அது போன்ற இடத்துக்கு வேடிக்கை பார்க்கப் போகலாம், துளைக்கருவியோடு போகக் கூடாது.

கடிதம் எழுதும் முறையைச் சொல்லிவிடுகிறேன். 'ப்ராஜெக்ட்', 'சாகசச் சுற்றுலா' என்றெல்லாம் எழுதினால் ஏதோ வியாபாரம் என்று ஃபைல் வேறு திசையில் நகரும். துளை போடுவதை மறைத்து வெறும் 'மலையேற்றம்' என்று எழுதினால் பின்னால் பெரிய வம்பு. உள்ளதை அளவோடு எழுதுங்கள்: இத்தனை துளை, ஒவ்வொன்றும் 10 மில்லிமீட்டர் விட்டம், விரல் நீளத்துக்குச் சற்று அதிக ஆழம், வெடி கிடையாது, கல் எடுப்பது கிடையாது, கட்டணம் வசூலிப்பது கிடையாது. ஒரு போல்ட்டையும் ஹேங்கரையும் (போல்ட்டில் மாட்டும், துளையுள்ள தகடு) ஸ்கேலுக்குப் பக்கத்தில் வைத்து எடுத்த படத்தை இணையுங்கள். இந்தப் படம் இல்லாமல் நான் கொடுத்த முதல் கடிதம் ஓர் அலுவலகத்திலிருந்து கனிமவளப் பிரிவுக்குப் போய், குவாரி விண்ணப்பப் படிவம் எங்கே என்ற கேள்வியோடு திரும்பி வந்தது. சர்வே எண், புலப்படத்தில் பென்சிலால் குறித்த கோடு, குழுவினரின் அடையாள அட்டை நகல், பயிற்சிச் சான்றிதழ் நகல் ஆகியவற்றையும் வையுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். இல்லாவிட்டால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். காவல் நிலையத்துக்கும் ஒரு தகவல் கடிதம் போகட்டும்.

எல்லாம் முடிய மூன்று மாதம் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. தேர்தல் நேரத்தில் தொடங்காதீர்கள், ஒரு மேசையிலும் ஆள் இருக்காது. டெல்லியில் உள்ள இந்திய மலையேற்ற அறக்கட்டளையின் அனுமதிக் கடிதத்தை எந்த அலுவலராவது கேட்டால், அது இமயமலைச் சிகரங்களுக்கான நடைமுறை என்று பொறுமையாக விளக்குங்கள்.

2. ஊரில் உட்கார்ந்து பேசுங்கள்

முத்திரை வைத்த காகிதம் கையில் இருந்தாலும் ஊர் ஒத்துக்கொள்ளாமல் வேலை நடக்காது. மேலூர் வட்டாரத்தில் இதற்கு வலுவான காரணம் இருக்கிறது. கிரானைட் முறைகேட்டை விசாரிக்க 2014-இல் உயர் நீதிமன்றம் ஐஏஎஸ் அதிகாரி உ. சகாயத்தை நியமித்த அளவுக்கு இங்கே மலைகளை அறுத்திருக்கிறார்கள். அப்புறம் 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏல அறிவிப்பு, ஊர் ஊராகப் போராட்டம், 2025 ஜனவரியில் ஏலம் ரத்து. இதையெல்லாம் பார்த்த ஜனங்களின் காதில் மலையிலிருந்து துளைக்கருவிச் சத்தம் விழுந்தால் என்ன நினைப்பார்கள்? "என்ன தம்பி, கல்லு வெட்ட வந்துருக்கீகளா?" என்று கேட்டபடி பத்து நிமிஷத்தில் பத்துப் பேர் அடிவாரத்தில் நிற்பார்கள். கேட்பது அவர்கள் உரிமை.

அதனால் முதல் நாளே ஒரு போல்ட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். டீக்கடை பெஞ்சில் வைத்து இதுதான், இவ்வளவுதான் என்று காட்டுங்கள். அம்பலகாரர் (ஊர்த் தலைவர்) இருக்கும் ஊரென்றால் அவரை முதலில் பாருங்கள், ஊராட்சித் தலைவரை அடுத்து. மலையில் சாமி இருந்தால் பூசாரியைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. எந்த நாளில் மலைக்குப் போகக் கூடாது, எந்தப் பாறையில் செருப்புக் காலோடு நிற்கக் கூடாது, கார்த்திகை தீபம் எங்கே ஏற்றுவார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். க்ளைம்பிங் ஷூவும் செருப்புக் கணக்குதான், வாதாடாதீர்கள். சாமி பாறையிலிருந்து உங்கள் கோடு கண்ணில் படாத தூரத்தில் இருப்பது நல்லது.

ஆடு மேய்ப்பவர்களை விட்டுவிடாதீர்கள். எந்தப் பக்கம் கல் உருளும், எங்கே தேன்கூடு கட்டும், சிறுத்தை நடமாட்டம் உண்டா, மழைக்குத் தண்ணீர் எந்த வழியாக இறங்கும் என்று அவர்கள் சொல்லும் ஒரு மணி நேரப் பேச்சு, நீங்கள் பைனாகுலரோடு உட்காரும் பல நாளுக்குச் சமம். எங்களுக்கு வழிகாட்டிய அண்ணன், நாங்கள் படம் வரைந்து வைத்திருந்த கோட்டைப் பார்த்துவிட்டு, நடுவில் ஓர் இடத்தைக் கம்பால் காட்டி, "அது தை மாசம் உங்களுக்கு ஆகாது" என்றார். அங்கே அப்போது ஒன்றுமே இல்லை. தை பிறந்ததும் மூன்று கூடுகள் தொங்கின.

3. மழையில் ஒருமுறை, வெயிலில் ஒருமுறை, தேன் பருவத்தில் ஒருமுறை

மலைத்தேனீதான் இந்த மலைகளின் உண்மையான காவல்காரன். விழுந்து அடிபடுவதற்குக் கொஞ்சமும் குறையாத ஆபத்து இது. கூடு பாறையின் முன்தள்ளிய விளிம்புக்கு அடியில் கறுப்புத் துணி காயப்போட்டதுபோல் தொங்கும். பைனாகுலரில் பார்த்தால் அந்தப் பரப்பில் சட்டென்று ஓர் அலை ஓடி மறைவதைக் காணலாம். ஆயிரக்கணக்கான தேனீக்கள் வரிசையாக வயிற்றைத் தூக்கி இறக்குவதால் வருவது அது. அலை அடிக்கடி ஓடினால் கூடு எதையோ கண்டு கலங்கியிருக்கிறது என்று பொருள், சத்தமில்லாமல் பின்வாங்குங்கள். ட்ரோன் விட்டுப் பார்க்கும் ஆசை வேண்டவே வேண்டாம்.

கூடு காலியாக இருப்பதும் ஏமாற்றும். மலைத்தேனீ பருவத்துக்குப் பருவம் இடம் மாறும், பிறகு பழைய இடத்துக்கே திரும்பி வரும். விளிம்புக்கு அடியில் அரைவட்டமாக மஞ்சளும் பழுப்பும் கலந்த மெழுகுத் தடம் தெரிந்தால் அது வாடகைக்கு விட்ட வீடு, ஆள் வருவார். அப்படிப்பட்ட விளிம்பின் கீழேயோ பக்கத்திலேயோ கோடு போகக் கூடாது. அருமையான கோடாக இருந்தாலும் கைவிடுங்கள். துளைக்கருவியின் அதிர்வும் வியர்வை வாடையும் தேனீக்கு ஆகாது. முதல்முறை ஏறுகிறவர் நடுப்பாறையில் மாட்டிக்கொண்டால் இறங்கத் தெரியாமல் அங்கேயே கொட்டு வாங்குவார்.

பறவைகளும் கணக்கில் உண்டு. வல்லூறு, ராஜாளி, பாறை விளிம்பில் குடியிருக்கும் கொம்பன் ஆந்தை எல்லாம் பெரும்பாலும் குளிர்காலத்திலிருந்து கோடைத் தொடக்கம் வரை குஞ்சு பொரிக்கும். உங்களுக்கு க்ளைம்பிங் சீசனும் அதுதான். விளிம்பில் வெள்ளை எச்சம் வழிந்த தடமும் கீழே எலும்பும் மயிரும் கலந்த உருண்டைகளும் கிடந்தால் அந்தப் பகுதியை விட்டுத் தள்ளிப் போங்கள்.

வடகிழக்குப் பருவமழையில், அதாவது அக்டோபர், நவம்பரில், மழை விட்ட உடனே ஒரு நாள் போய்ப் பாறையைப் பாருங்கள். தண்ணீர் இறங்கும் தாரைகள் பளிச்சென்று தெரியும். வெயில் காலத்தில் அதே தாரை கறுப்புக் கோடாக, பிடிப்பு நன்றாக இருப்பதுபோல் தோன்றும். லேசாக நனைந்தால் சோப்பு. ஸ்டேஷனும் (பிட்ச் முடிவில் ஆள் நின்று ரோப் பிடிக்கும் இடம்) முக்கியமான அடிவைப்பும் கறுப்புக் கோட்டில் வராதபடி கோட்டை நகர்த்துங்கள்.

வெயிலைப் பார்க்க ஏப்ரலில் ஒரு மத்தியானம் போதும். தெற்கும் மேற்கும் பார்த்த பாறை மாலை ஆறு மணிக்கும் கொதிக்கும். ரப்பர் சூட்டில் வழுக்கும், கைவிரல் தோல் உரியும். புதியவர்களுக்கான ரூட் வடக்கு அல்லது வடகிழக்கு முகத்தில் இருந்தால் அவர்கள் காலை முழுக்க ஏறலாம்.

4. சாமானும் செலவும்

நான் வாங்கியபோது இருந்த விலையைச் சொல்கிறேன், முன்னே பின்னே இருக்கும். துருப்பிடிக்காத எஃகில் 10 மில்லிமீட்டர் போல்ட்டும் ஹேங்கரும் ஜோடி 500 முதல் 800 ரூபாய். நாலு பிட்ச், நூறு மீட்டருக்குக் கொஞ்சம் மேல் என்றால் ஸ்டேஷனுக்கு எட்டு, நடுவே முப்பது, கையிருப்புக்கு நாலைந்து. ஸ்டேஷன் சங்கிலி, வளையம் சேர்த்து முப்பது முப்பத்தைந்தாயிரம் வரை போய்விடும். பேட்டரியில் ஓடும் சுத்தியல் துளைக்கருவி நல்லதாக வேண்டுமென்றால் இருபதாயிரத்தைத் தாண்டும். இதைச் சொந்தமாக வாங்காமல் ஏதாவது க்ளப்பில் இரவல் கேளுங்கள். ஒருமுறை வேலைக்காக வாங்கியது வீட்டில் சுவரில் போட்டோ மாட்டத்தான் பயன்படும். கிரானைட்டும் நைஸும் (கோடு கோடான கடினப் பாறை) துளைமுனையைத் தின்றுவிடும், மூன்று முனையாவது கொண்டு போங்கள். ஒரு பேட்டரிக்குப் பத்துப் பதினைந்து துளைக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

வாங்கும்போது ஹேங்கரில் ஈஎன் 959 அல்லது யுஐஏஏ 123 என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். ஹார்டுவேர் கடையில் ஐம்பது அறுபது ரூபாய்க்குக் கிடைக்கும் ஆங்கர் போல்ட் ஏசி மெஷின் மாட்டுவதற்கு. துத்தநாகப் பூச்சு போட்ட போல்ட்டில் துருப்பிடிக்காத எஃகு ஹேங்கரை மாட்டுவதும் கூடாது. இரண்டு உலோகம் சேர்ந்தால் போல்ட் சீக்கிரம் அரிக்கும், வெளியே பளபளப்பாகத்தான் தெரியும். கடற்கரைக்குப் பக்கத்துப் பாறை என்றால் 304 தர எஃகு போதாது, குறைந்தது 316 வேண்டும்.

இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்து விலக்குகள் என்ற பக்கத்தைப் படியுங்கள். பெரும்பாலான தனிநபர் விபத்து பாலிசிகளில் மலையேற்றமும் சாகச விளையாட்டும் வெளியே நிற்கும். கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்க முடியுமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

5. மேலிருந்து இறங்குங்கள், துளை போடாமல் ஏறுங்கள்

அடியிலிருந்து ஏறிக்கொண்டே போல்ட் அடிப்பதுதான் வீரம் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் போடும் ரூட்டில் நிற்க வசதியான இடத்தில் போல்ட் இருக்கும், விழ வாய்ப்புள்ள இடத்தில் இருக்காது. நடுத்தர ரூட்டுக்கு அது ஒத்துவராது. மரத்திலோ பெரிய குண்டுக்கல்லிலோ இரட்டை ஆங்கர் (ரோப்பைத் தாங்கும் பிடிமானம்) கட்டி, மேலிருந்து ஸ்டாட்டிக் (அதிகம் இழுபடாத) ரோப்பில் இறங்குங்கள். ரோப் உரசும் விளிம்பில் பழைய சாக்கு அல்லது தீயணைப்பு ஹோஸ் துண்டு போட மறக்காதீர்கள். நுனியில் முடிச்சு.

இறங்கும்போது முதல் வேலை தட்டிப் பார்ப்பது. நம் ஊர்ப் பாறை வெங்காயம் மாதிரித் தோல் தோலாக உரியும். சுத்தியலால் லேசாகத் தட்டினால் நல்ல பாறை 'டிங்' என்று கையைத் திருப்பி அடிக்கும், உரியப்போகும் தகடு 'தொம்' என்று வயிற்றில் பேசும். தொம் சத்தம் கேட்ட இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு, வட்டத்துக்குள் எதையும் நம்பாதீர்கள். அசையும் கல்லைத் தள்ளும் முன் கீழே ஓர் ஆள் நின்று, ஆடு, ஆள், நாய் எதுவும் இல்லை என்று கையசைக்க வேண்டும். விசில் ஒரு சத்தம் நிறுத்து, இரண்டு சத்தம் தள்ளு என்று முன்பே பேசி வையுங்கள். புல்லும் கற்றாழையும் வளர்ந்த விரிசலை மொத்தமாகச் சுரண்டித் தள்ள வேண்டியதில்லை, கால் வைக்கும் இடம் மட்டும் போதும்.

பிறகு டாப் ரோப்பில் (மேலே கட்டிய ரோப்பின் பாதுகாப்பில்) ஏறுங்கள். நீங்கள் மட்டும் ஏறிப் பிரயோஜனமில்லை. சமீபத்தில் கற்றுக்கொண்ட ஒருவரையும், ஐந்தடி உயரம் உள்ள ஒருவரையும் ஏற்றுங்கள். அவர்கள் தயங்கும் இடம், நின்று மூச்சு வாங்கும் இடம், எந்தக் கையால் பிடித்துக்கொண்டு எந்தக் கையை விட முடிகிறது என்பதையெல்லாம் கீழிருந்து ஒருவர் எழுத வேண்டும். போல்ட் இடம் அந்த நோட்டிலிருந்துதான் பிறக்கும். ஆறடி ஆள் எட்டி மாட்டும் போல்ட், ஐந்தடிப் பெண்ணுக்கு இன்னொரு கஷ்டமான அசைவு ஏறிய பிறகுதான் கைக்கு வரும்.

ஸ்டேஷன் இடத்தையும் இப்போதே முடிவு செய்யுங்கள். இரண்டு பேர் கால் ஊன்றி நிற்கும் படி, மேலே தளர்ந்த கல் இல்லாத இடம், ஒன்றுக்கொன்று 30 மீட்டருக்குள். 60 மீட்டர் ரோப் ஒன்றை மட்டும் வைத்திருப்பவர் மடித்துப் போட்டால் எல்லா ஸ்டேஷனிலும் இறங்க முடிய வேண்டும். 32 மீட்டரில் அருமையான படி இருந்தாலும் 29-இல் உள்ள சுமாரான படியே நல்லது.

6. துளை

இடைவெளி விஷயத்தில் ஒரு தவறான எண்ணம் ஊறிப் போயிருக்கிறது: சுலபமான இடத்தில் போல்ட் தூரம் தூரமாக இருக்கலாம் என்று. நெட்டுக்குத்தான கஷ்டமான ரூட்டில் விழுந்தால் காற்றில் தொங்குவோம். சுலபமான பாறையில் படி இருக்கும், மொட்டு (பாறைப் புடைப்பு) இருக்கும், விழுந்தால் அதில்தான் கணுக்கால் போய் மோதும். ஆகவே ஒவ்வொரு போல்ட்டிலும் நின்று கேளுங்கள்: அடுத்ததை மாட்டும் கணத்தில் விழுந்தால் கால் எங்கே போய் நிற்கும்? பதில் தரை, படி, மொட்டு என்றால் இடையில் ஒன்று சேருங்கள். முதல் போல்ட் தரையிலிருந்து மூன்று மீட்டருக்குள், இரண்டாவதும் மூன்றாவதும் நெருக்கமாக. மேலே போகப் போக, கீழே மோத எதுவும் இல்லாத சுத்தமான ஸ்லாப்பில் நாலு மீட்டர் வரை விடலாம். பத்து மீட்டருக்கு ஒன்று போட்டுவிட்டு அதற்குத் தைரியம் என்று பெயர் வைக்காதீர்கள்.

துளை போடும் வரிசை இது. தட்டிச் சத்தம் கேளுங்கள். விளிம்பு, விரிசலிலிருந்து ஒரு சாண் தள்ளி இடம் பாருங்கள். கேரபைனரை (ரோப் மாட்டும் கொக்கி) வைத்துப் பார்த்து, அதன் கேட் (திறக்கும் பக்கம்) மொட்டில் அழுந்தவில்லை என்று உறுதி செய்யுங்கள். பாறைக்குச் சரியாகச் செங்குத்தாக, போல்ட் நீளத்தைவிட ஒரு சென்டிமீட்டராவது ஆழமாகத் துளையுங்கள். முழு போல்ட் நீளத்துக்கும் மேல் ஆழம் இருந்தால் பிற்காலத்தில் பழைய போல்ட்டை உள்ளேயே அடித்துத் தள்ளி மூடிவிடலாம். அப்புறம் தூசி. ஊது, பிரஷ் போடு, மறுபடி ஊது, மறுபடி பிரஷ். வெள்ளை மாவு வருவது நிற்கும்வரை. பலர் இங்கே அவசரப்படுவார்கள், தூசி நின்ற துளையில் போல்ட் சுற்றிக்கொண்டே இருக்கும், இறுகாது. கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம், கல்தூசி நுரையீரலுக்கு விஷம். இறுக்குவது டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்), தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு. கை பலத்தைக் காட்டினால் போல்ட் உள்ளேயே அறுந்து நிற்கும்.

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை இந்த வேலைக்கு உகந்த காலம். விடியற்காலை ஐந்தரைக்கு அடிவாரம், பதினொன்றுக்குக் கருவியை நிறுத்திவிடுங்கள். சத்தம் கேட்கும் நாட்களை முன்கூட்டியே ஊரில் சொல்லிவிட வேண்டும். திருவிழாக் காப்புக் கட்டியிருந்தால் வேலை இல்லை.

7. ஏற்றிப் பாருங்கள், பிறகு கிரேடு

கிரேடை ரூட் போட்டவர் முடிவு செய்யக் கூடாது. அவருக்குக் கோடு மனப்பாடம். ரூட்டைப் பார்த்திராத நாலைந்து பேரைக் கிரேடு சொல்லாமல் லீட் ஏற்றி, இறங்கியதும் தனித்தனியாகக் கேளுங்கள். கருத்து வேறுபட்டால் கூடிய கிரேடை எழுதுங்கள். 5.7 என்று நம்பி வந்து 5.8-இல் மாட்டுவது புதியவருக்குப் பெரிய வித்தியாசம்.

வரைபடத்தில் பிட்ச் நீளம், போல்ட் எண்ணிக்கை, இறங்கும் வழி, தேன்கூடு வரும் விளிம்பு, போகக் கூடாத நாட்கள் எல்லாம் வேண்டும். அடிவாரத்தில் அம்புக்குறி, பெயர் என்று பெயிண்ட் அடிக்காதீர்கள். பெயர் வைக்கும்போது சாமி, சாதி, தலைவர் மூன்றையும் தொடாதீர்கள். ஊர்க்காரர்கள் அந்தப் பாறையை ஏற்கெனவே ஏதோ பெயரில் கூப்பிடுவார்கள், அதையே வைத்துக்கொண்டால் பிரச்சினை இல்லை.

8. அடிபட்டால், அதற்குப் பிறகு

108 ஆம்புலன்ஸ் வரும், ஆனால் தார் ரோடு வரைதான். பாறை அடியிலிருந்து அந்த ரோடு வரை ஆளைத் தூக்கி வர எத்தனை பேர், எவ்வளவு நேரம் என்று காலி ஸ்ட்ரெச்சரில் கல் மூட்டையை வைத்து ஒருமுறை தூக்கிப் பாருங்கள். செல்போன் சிக்னல் எந்த ஸ்டேஷனில் கிடைக்கும், எதில் கிடைக்காது என்று வரைபடத்தில் குறியுங்கள். பாம்புக்கடி மருந்து இருக்கும் அருகிலுள்ள அரசு மருத்துவமனை எது என்று நேரில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேனீ கிளம்பிவிட்டால் விசிறி விரட்டக் கூடாது. முகத்தையும் கழுத்தையும் மூடி, ஸ்டேஷனிலிருந்து நேராக ராப்பெல். முந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் தேனீ வலைத்தொப்பியை ஆளுக்கொன்று ஹார்னஸ் (இடுப்பில் கட்டும் பட்டை) பையில் சுருட்டி வைத்துக்கொள்ளச் சொல்லி வரைபடத்திலேயே எழுதுங்கள். நிறையக் கொட்டு வாங்கியவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். சிறுநீரகப் பாதிப்பு ஓரிரு நாள் கழித்துத் தெரியவரலாம்.

ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் யாராவது எல்லா நட்டையும் ரெஞ்சில் பார்க்க வேண்டும். போட்டவர் ஊர் மாறிப் போய்விடுவார் என்பதால் இரண்டு மூன்று பேர் பெயரில் பொறுப்பைப் பிரித்து, போல்ட் வாங்கிய பில், தயாரிப்பு எண், அடித்த தேதி, ஒவ்வொரு போல்ட்டின் படம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்து அவர்கள் எல்லாரிடமும் கொடுங்கள். அனுமதிக் கடிதத்தின் நகலை லேமினேட் செய்து பையில் போட்டுக்கொண்டுதான் ஒவ்வொரு முறையும் போக வேண்டும். வனக்காப்பாளரோ கிராம அலுவலரோ மாறியிருப்பார், கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும்.